வெப்பக் கரையில் வண்ண ரிவர்சல் படச்சுருள்: தெரிவும் கழுவலும், 1935–2018

ஜேவாகலர் வண்ணச் சுருளில் எடுக்கப்பட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழ்த் திரைக்கு வந்தது 1956இல். முதல் சிங்கள வண்ணப் படமான 'ரன் முத்து தூவ' 1962இல் வந்தது. 8 மி.மீ. வீட்டுக் கமராவுக்கான கோடாக்ரோம் வண்ணச் சுருளோ 1936இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. நம் மொழிப் படங்களை வண்ணம் எட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக் கமராக்காரருக்கு அது கிட்டியது எப்படி? புத்தளத்துக்கு வடக்கே களப்பை ஒட்டிக் கிடக்கும் வண்ணாத்திவில்லு போன்ற வெக்கைப் பூமியில் அந்தச் சுருள் எப்படி நடந்துகொள்ளும்? இக்கட்டுரை இவ்விரு கேள்விகளையும் தொடர்கிறது. படச்சுருளின் வரலாற்றை அதன் கழுவலின் வரலாறாகவே வாசிக்க வேண்டும் என்பது என் துணிபு.

முதற்காரணம் ரிவர்சல் முறை. கோடாக் நிறுவனம் 1923இல் 16 மி.மீ. சுருளை வெளியிட்டபோதே நெகட்டிவ், பிரதி என்ற இரட்டைச் செலவைத் தவிர்த்தது. கமராவில் ஓடிய அதே சுருள் கழுவப்பட்டு, நேர்ப்படமாகி, புரொஜெக்டரில் ஏறியது. முதல் டெவலப்பர் ஒளிபட்ட பகுதிகளில் வெள்ளியால் எதிர்ப்படம் உண்டாக்கும். எஞ்சிய வெள்ளி உப்பை மறுபடி ஒளியூட்டியோ இரசாயனத்தாலோ தூண்டி, நிற டெவலப்பரில் இட்டால் அங்கே சாயம் பிறக்கும். பிறகு வெள்ளி முழுவதும் நீக்கப்படும். மிஞ்சுவது சாயம் மட்டுமே. செலவு குறைந்தது, ஆனால் ஒரே ஒரு மூலம்தான். அது கெட்டால் எல்லாம் போயிற்று.

1935இல் கோடாக்ரோமை உருவாக்கிய லியோபோல்ட் மான்ஸ், லியோபோல்ட் கொடோவ்ஸ்கி இருவரும் இசைக் கலைஞர்கள். அவர்களின் சுருளில் சாயத்துக்கான பொருள் இல்லை. மூன்று அடுக்குகளுக்கும் தனித்தனி நிற டெவலப்பர் வேண்டும். அதனால் பெரிய ஆய்வுகூடம் தவிர வேறெங்கும் கழுவ முடியவில்லை. 1936இல் ஜெர்மனியின் அக்ஃபா, சாயப் பொருளை அடுக்குகளுக்குள்ளேயே வைத்தது. கோடாக்கும் 1946இல் எக்டாக்ரோம் என்ற ரிவர்சல் சுருளில் அதே வழியைப் பின்பற்றியது. இவ்வழியால்தான் சிறிய ஆய்வுகூடத்துக்கும் வண்ணம் கைக்கு எட்டியது.

எட்டியதே தவிர வெப்பம் விடவில்லை. ஆரம்ப எக்டாக்ரோம் கரைசல்கள் ஏறக்குறைய 24 பாகை செல்சியசில் நிற்க வேண்டும். புத்தளக் கரையில் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. ஐஸ் இல்லாமல் ஆகாது. சூடேறினால் ஜெலட்டின் இளகிச் சுருளில் சுருக்கம் விழும். 1970களின் நடுவில் வந்த இ-6 கழுவல் முறை முதல் டெவலப்பரை 38 பாகையில், 6 நிமிடம் வைக்கச் சொன்னது. குளிர்விப்பதைவிடச் சூடாக்குவது நமக்கு எளிது. இந்த ஒரு மாற்றத்தை வெப்பநாடுகளுக்குக் கிடைத்த பெரும் சலுகையாக நான் மதிக்கிறேன். ஆனாலும் கால் பாகை வழுவினால் நிறம் மாறும். தண்ணீர் வேறு தொல்லை: இந்தப் பிரதேசம் சுண்ணாம்புக்கல் நிலம், தண்ணீர் கடினமானது. கடைசிக் கழுவலுக்குக் காய்ச்சி வடித்த நீர் எடுக்காவிட்டால் உலர்ந்த சுருளில் வெள்ளைத் திட்டு நிற்கும்.

தெரிவுக்கோ ஒளியே நிபந்தனை. ஆரம்பக் கோடாக்ரோமின் வேகம் 10 ஏ.எஸ்.ஏ. அளவே. நொடிக்கு 16 சட்டம் ஓடும் கமராவில் வெயிலுக்கு எஃப் 8, உப்பளத்தின் வெள்ளைக்கு எஃப் 11 என்று அடைக்கலாம். கலா ஓயாக் கழிமுகத்தின் கண்டல் நிழலில் அதே சுருள் பெரும்பாலும் கறுத்துவிடும். அரை ஸ்டாப் தவறைக்கூட ரிவர்சல் மன்னிக்காது. 1961இல் 25 ஏ.எஸ்.ஏ. கோடாக்ரோம் II வந்தபோதுதான் சற்றே மூச்சுவிட முடிந்தது. 1965இல் சூப்பர் 8 வந்தது. பெட்டியைச் செருகினால் போதும். 15 மீற்றர் சுருள், நொடிக்கு 18 சட்டத்தில் 3 நிமிடம் 20 வினாடி.

1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆண்டுகளில் இலங்கையில் இத்தகைய பொருளுக்கு இடம் குறைவு. அக்கரையில் ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967இல் உற்பத்தி தொடங்கியது. அதன் வலு கருப்பு வெள்ளையிலும் எக்ஸ்ரேயிலுமே இருந்தது. வண்ண ரிவர்சலுக்கு அக்கரையையும் தாண்டியே போக வேண்டியிருந்தது.

பல பத்தாண்டுகளுக்குப் பின் முடிவு வந்தது. 2009இல் கோடாக்ரோம் நிறுத்தப்பட்டது. கான்சாஸ் மாநிலத்தின் டுவேன்ஸ் போட்டோ, உலகின் கடைசிக் கோடாக்ரோம் ஆய்வுகூடம், 2010 டிசம்பர் 30 வரை மட்டுமே சுருள் ஏற்றது. எக்டாக்ரோம் 2012இல் நின்று, 2018இல் திரும்பி வந்தது. அது 100 வேகப் பகலொளிச் சுருள். பல பழைய சூப்பர் 8 கமராக்கள் 40, 160 என்ற இரு வேகங்களையே அறியும்; அவற்றில் ஒளியளவு தவறலாம். உள்ளே இருக்கும் ஆரஞ்சு வடிகட்டியை விலக்க மறந்தால் நிறமும் கெடும்.

அலுமாரியில் கழுவாத கோடாக்ரோம் வைத்திருப்போர் வண்ணத்தை எதிர்பார்க்க வேண்டாம். கருப்பு வெள்ளையாக மட்டுமே மீட்கலாம். சிதையத் தொடங்கி வினாகிரி வாடை அடிக்கும் சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, முதலில் அதையே ஸ்கேன் செய்து வையுங்கள்.