சம்மட்டியும் ஒலிநாடாவும்

இலங்கையின் பழைய வீடுகளிற் பாதுகாத்து வைக்கப்பட்டுள்ள சவரக்கத்தியையோ தையற் கத்தரிக்கோலையோ எடுத்துப் பார்த்தால், அலகின் அடியிற் சிறிய எழுத்துக்களில் ஓர் ஊரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதைப் பல வேளைகளிற் காணலாம். ஷெபீல்ட் என்பது அவ்வூரின் பெயர். வட இங்கிலாந்தில், யோக்ஷயர்ப் பகுதியில், குன்றுகளுக்கும் ஆறுகளுக்கும் இடையே அமைந்த நகரம் அது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளர் மூசையில் உருக்கு வார்க்கும் முறையை வகுத்ததும், 1913இல் ஹரி பிறியளி துருப்பிடியாத உருக்கைக் கண்டதும் இவ்வூரிலேயாம்.

அந்நகரின் உருக்கு உலகெங்கும் சென்றது. உருக்கை அடிக்கும் ஓசை மட்டும் ஊரிலேயே தங்கியது. அவ்வோசையையும் உலகுக்கு அனுப்பிவைத்தவர்களுள் முதன்மையானவர் றிச்சர்ட் கேர்க்.

கேர்க் 1956ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆந் திகதி பிறந்தார். மேட்டிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கினாற் புகை படிந்து கறுத்த கட்டடங்களே தெரிந்தன என்றும், இரவிற் படுக்கையிற் கிடக்கும்போது ஆலைகளின் பெருஞ் சம்மட்டிகள் விழும் ஓசை கேட்டது என்றும் அவர் தம் இளமையைப் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். தாலாட்டுக் கேட்டு உறங்கும் குழந்தைகள் உண்டு. ஷெபீல்டின் குழந்தைகள் சம்மட்டி கேட்டு உறங்கினர்.

மனிதன் வேலை செய்த இடங்களிலெல்லாம் பாட்டுப் பிறந்திருக்கிறது. ஏற்றம் இறைப்பவன் பாடினான். வலை இழுப்பவன் பாடினான். நெற் குற்றும் பெண்கள் உலக்கையின் விழுகைக்கு இசையப் பாடினர். நீராவிச் சம்மட்டியின் முன்னாலோ மனிதக் குரல் எடுபடாது. அங்கே பாடுவது பொறி ஒன்றே. அப்பொறியின் பாட்டையும் இசையென்று கொள்ளலாமோ என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர் இத்தாலிய ஓவியர் லுயிஜி றுசோலோ. 1913இல் அவர் இரைச்சலின் கலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி, உறுமவும் சீறவும் வல்ல பெட்டிகளையும் செய்வித்தார். 1948இல் பிரெஞ்சு வானொலியைச் சேர்ந்த பியர் ஷெஃபர் புகைவண்டிகளின் ஓசையை இசைத்தட்டிற் பதிந்து, வெட்டியும் அடுக்கியும் ஓர் உருப்படியாக்கி ஒலிபரப்பினார். ஓவியருக்குக் கலையுலகம் துணை நின்றது. வானொலியாளருக்கு அரசாங்கத்தின் பொறிகள் கைகொடுத்தன. ஷெபீல்டின் இளைஞர்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

1973இல் மூன்று நண்பர்கள் ஒன்றுகூடினர். கேர்க் ஒருவர், ஸ்ரீபன் மலிண்டர் மற்றொருவர், மூன்றாமவர் கிறிஸ் வட்சன். வட்சன் தொலைபேசித் துறையிற் பணியாற்றியவர். சிறுவனாயிருந்தபோது பெற்றோர் பரிசளித்த ஒலிப்பதிவுக் கருவியைத் தோட்டத்திற் பறவைகள் இரை கொத்தும் பலகையருகே வைத்து, அவற்றின் ஓசையைப் பிடித்துக் கேட்டு வியந்தவர். அவர் வீட்டின் கூரையறையே இவர்களின் முதற் கூடம். இசை கற்றவர் என்று சொல்லிக்கொள்ள எவருமில்லை. இசையறியாதவனும் ஒலிநாடாவைக் கருவியாகக் கொண்டு இசை ஆக்கலாம் என்று பிறையன் ஈனோ அக்காலத்திற் காட்டியிருந்தார்; அது இவர்களுக்குப் பெருந் துணிவைத் தந்தது. ஜெர்மனியின் கிராஃப்ட்வேர்க், கான் ஆகிய குழுக்களின் இசைத்தட்டுக்களையும், யமேக்காத் தீவின் எதிரொலி நிறைந்த இசையையும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆட்ட இசையையும் இவர்கள் ஒருங்கே கேட்டனர். பிற்காலத்தில் இவர்களை வெறும் இரைச்சற்காரர் எனத் தள்ளியோர் இந்தக் கடைசி இரண்டையும் கவனியாது விட்டனர். கேர்க்கின் ஆக்கங்களில் அடித்தளமாக நிற்பது தாளமே.

குழுவுக்கு இட்ட பெயர் கபரே வோல்தேர். முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல், சூரிச் நகரில் ஹூகோ பால் முதலியோர் நடத்திய சிறு அரங்கின் பெயர் அது. போருக்கு இட்டுச் சென்ற அறிவை நம்பமாட்டோம் என்று கூறிப் பொருளற்ற ஒலிகளைக் கவிதையாகச் சொன்ன டாடாக் கலைஞர்கள் அங்கே கூடினர். அவர்களிடமிருந்து குறும்பையும், அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பறோஸிடமிருந்து ஒரு முறையையும் இவர்கள் பெற்றுக்கொண்டனர். எழுதிய தாளை வெட்டித் துண்டுகளை மாற்றி ஒட்டினால் மறைந்திருந்த பொருள் வெளிப்படும் என்பது பறோஸும் அவர் நண்பர் பிறையன் கைசினும் கையாண்ட முறை. தாளுக்குச் செய்ததை இவர்கள் ஒலிநாடாவுக்குச் செய்தனர். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வந்த குரல்களைப் பதிந்து, வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டனர். அரசியல்வாதியின் வாக்கியம் ஒன்று நாற்பது முறை திரும்பத் திரும்ப ஒலிக்குமாயின் அதன் அதிகாரம் கழன்று வெறும் ஓசையாகிவிடும்; சில வேளை அதன் பின்னாலிருந்த அச்சுறுத்தல் அப்போதுதான் செவிக்குப் புலப்படும்.

முதல் அரங்கேற்றம் 1975 மே 13ஆந் திகதி ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தின் உணவு மண்டபமொன்றில் நிகழ்ந்தது. ஆட்டத்துக்கு ஏற்ற றொக் இசை கிடைக்கும் என்று நம்பியே மாணவர்கள் வந்தனர். மேடையில் மேளகாரர் எவருமில்லை. மேளத்தின் இடத்தில் நீராவிச் சம்மட்டியின் ஓசை நாடா வளையமாகச் சுழன்றுகொண்டிருந்தது. சிறு மின்விளக்குகள் மினுங்கும் சட்டையணிந்து கேர்க் கிளாரினெற் ஊதினார். சற்று நேரத்துள் சபையினர் மேடைமேற் பாய்ந்தனர். கைகலப்பில் மலிண்டர் முதுகெலும்பிற் காயமுற்று மருத்துவமனைக்குச் சென்றார். உருக்காலை நகரின் பிள்ளைகள், தம் தந்தையரின் ஆலைச் சத்தத்தை மேடையிற் கேட்டுச் சினந்தனர் எனின் அதில் வியப்பில்லை. பகலெல்லாம் கேட்டதை இரவில் மறக்கவே அவர்கள் மண்டபத்துக்கு வந்தனர்.

இவ்வகை இசைக்கு 'இன்டஸ்ட்ரியல்', அதாவது தொழிற்சாலை இசை என்ற பெயர் ஷெபீல்டிற் பிறந்ததன்று. 1976இல் லண்டனில் துறொபிங் கிறிசில் என்னும் குழுவினர் தம் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அப்பெயரை இட்டனர். ஷெபீல்டார் அப்பெயரைத் தேடிச் செல்லவில்லை. அவர்களுக்கு அது அண்டை வீட்டுச் சத்தம். எனினும் இரு குழுவினருக்கும் நட்பு உண்டாயிற்று. 1980இல் கேர்க் தனித்து ஆக்கிய முதற் கசெற் லண்டன் நிறுவனத்தின் வெளியீடாகவே வந்தது.

கேர்க்கின் வாழ்வை உருவாக்கியது எது என்று கேட்டால், எந்த இசைக்கருவியையும் விட ஓர் அறையையே சொல்லவேண்டும். நகரின் நடுவே போட்டோபெலோ வீதியில், முன்னாளிற் கத்தியும் கரண்டியும் செய்த தொழிலகமொன்றின் மாடியை இவர்கள் வாடகைக்குப் பிடித்தனர். வெஸ்டர்ன் வேர்க்ஸ் என்ற அதன் பழைய தொழிற்சாலைப் பெயரே கூடத்துக்கும் பெயராயிற்று. அக்காலத்தில் ஓர் இசைக்குழு ஒலிப்பதிவு செய்யவேண்டுமாயின் மணிக்கணக்கிற் கட்டணம் செலுத்திப் பிறர் கூடத்திற் செய்யவேண்டும். கட்டணத்தை இசைத்தட்டு நிறுவனம் கடனாகக் கொடுக்கும். கடன்பட்டவன் சொற்கேட்க வேண்டும். 1978இல் லண்டனின் றஃப் ட்ரேட் நிறுவனம் இவர்களோடு இணங்கியபோது, இவர்கள் அதன் பணத்தைக் கொண்டு நான்கு தட ஒலிப்பதிவுப் பொறி வாங்கினர். அன்று தொட்டு இரவோ பகலோ எவரையும் கேளாது வேலை செய்யலாயினர். தன் பட்டறையும் தன் ஆயுதமும் உடைய கைவினைஞன் எவனுக்கும் கூலிக்காரன் ஆவதில்லை. ஷெபீல்டில் 'லிற்றில் மெஸ்ரர்' எனப்பட்ட சிறு பட்டறைக் கத்திக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இவ்வாறே வாழ்ந்தனர்.

அறையின் கதவு பிறருக்கும் திறந்திருந்தது. மஞ்செஸ்ரரிலே 1980 மே மாதம் தம் பாடகரை இழந்து கலங்கிய ஜோய் டிவிஷன் குழுவின் எஞ்சிய மூவரும், நியூ ஓர்டர் என்ற புதுப் பெயரில் எவ்வாறு பாடுவது என்று தேடியபோது, ஒலிப்பதிந்து பார்க்க வந்த இடங்களுள் இதுவும் ஒன்று. ஊரிலும் துணைவர் பலர் தோன்றினர். நகரசபையின் ஆதரவில் நடந்த மீற்விசில் என்னும் இளைஞர் நாடகப் பட்டறையிற் பழகியவர்கள் பின்னர் ஹியூமன் லீக், குளொக் டி.வி.ஏ. முதலிய குழுக்களை அமைத்தனர். ஹியூமன் லீக்கைத் தொடங்கிய இருவர் கணினி இயக்குநர்; அதன் பாடகர் மருத்துவமனைச் சிற்றூழியர். நகரசபை நடத்திய பட்டறையும், மிகக் குறைந்த பேருந்துக் கட்டணமும், வாடகை மலிந்த வெற்றுத் தொழிலகங்களும் இல்லாதிருப்பின் இத்தனை குழுக்கள் ஓரூரில் முளைத்திரா. மேதைமையைப் போற்றும் வரலாறுகள் பேருந்துக் கட்டணத்தை மறந்துவிடுகின்றன.

அத்தொழிலகங்கள் ஏன் வெறுமையாயின என்பதே இவ்வரலாற்றின் துயரம். 1980 சனவரி 2ஆந் திகதி தொடங்கிய பிரித்தானிய உருக்குத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் பதின்மூன்று கிழமை நீடித்தது. அதன் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஹட்ஃபீல்ட்ஸ் என்னும் பேராலை நின்ற நிலத்தில் 1990இல் மெடோஹோல் என்ற பெருங் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. உருக்கு வார்த்த இடத்தில் உடுப்பு விற்றனர். சம்மட்டியின் ஓசை நாடாவில் ஏறிய காலமும், அது காற்றிலிருந்து மறைந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே.

1981இல் வெளியான 'றெட் மெக்கா' அக்காலத்தின் அச்சத்தைத் தாங்கிய இசைத்தட்டு. கேர்க்கின் கிற்றார் அதிற் கம்பி இழுபடுவது போல ஒலிக்கிறது. பலர் இதனையே குழுவின் தலைசிறந்த ஆக்கம் என்பர், அம்மதிப்பீடு தகும். அவ்வாண்டிலேயே வட்சன் விலகித் தொலைக்காட்சி நிலையமொன்றில் ஒலிப்பதிவாளரானார். பின்னர் டேவிட் அற்றன்பறோவின் இயற்கைத் தொடர்களுக்கு விலங்குகளின் ஓசைகளைப் பதிந்து உலகப் புகழ் பெற்றார்.

எஞ்சிய இருவரும் 1983 முதல் வேர்ஜின் நிறுவனத்தோடும் பின்னர் ஈ.எம்.ஐ.யோடும் சேர்ந்து, ஆட்டக்கூடங்களுக்கு ஏற்ற இசை ஆக்கினர். 'த கிறக்டவுன்', 'மைக்றோ-போனிஸ்' ஆகியவை நல்லனவே. எனினும் பெரு நிறுவனங்கள் எதிர்பார்த்த வெற்றி வாய்க்கவில்லை. 1990இல் ஈ.எம்.ஐ.யின் காலம் முடிந்தது. அதே ஆண்டில், டி.ஜே. பறற் என அறியப்பட்ட ஊர் நண்பரோடு சேர்ந்து, 'ஸ்வீற் எக்ஸோசிஸ்ற்' என்ற புனைபெயரிற் கேர்க் 'டெஸ்ற்ரோன்' என்ற சிறு தட்டை வெளியிட்டார். ஒலிப்பதிவுப் பொறி செம்மையாக இயங்குகிறதா என்று சோதிக்கும் 'பீப்' ஒலியே அதன் இராகம். அதன் கீழே ஆழ்ந்த தாளம். வானொலி நிலையங்களில் நிகழ்ச்சி தொடங்குமுன் பொறியாளர் மட்டும் கேட்கும் அவ்வொலிக்கு இளைஞர் ஆடினர். அதனை வெளியிட்ட வோர்ப் நிறுவனம் 1989இல் ஷெபீல்டில் ஓர் இசைத்தட்டுக் கடையிலிருந்து முளைத்தது; பின்னர் உலகறிந்ததாயிற்று.

1994இல் குழு கலைந்தது. மலிண்டர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றார். கேர்க் தம் ஊரைவிட்டுப் போகவில்லை. சண்டோஸ், எலெக்றோனிக் ஐ முதலிய பல புனைபெயர்களில் அறையிலிருந்து ஆக்கங்களை அனுப்பிக்கொண்டேயிருந்தார். தனித்தியங்குவதன் பயனும் விலையும் இக்காலத்திலேயே தெளிவாகின்றன. எவரும் இதை மாற்று என்று அவரிடம் சொல்ல இயலவில்லை; இதை விட்டுவிடு என்று சொல்ல ஒரு தோழரும் அருகில் இல்லை. அக்காலத் தட்டுக்கள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. 1993இன் 'டிஜிற்றல் லைஃப்ஃபோம்ஸ்' மட்டும் எக்காலத்திலும் கேட்கத் தக்கது.

2013இல் வட்சன் தம் பிறந்த ஊருக்குத் திரும்பி, நகரின் ஓசைகளைப் பதிந்து அங்குள்ள மிலேனியம் கலைக்கூடத்தில் ஒலிக்கச் செய்தார். அடுத்த ஆண்டு கேர்க் கபரே வோல்தேர் என்ற பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டு, பேர்லினில் முன்பு மின்னிலையமாயிருந்த பெருங் கட்டடமொன்றில் நடைபெற்ற அற்றோனல் விழாவில் மேடையேறினார். மேடையில் அவர் ஒருவரே. பழைய பாடல்களைக் கேட்கும் ஆவலோடு வந்தவர்களுக்கு அவற்றில் ஒன்றையேனும் வாசித்தாரில்லை. முற்றும் புதியனவற்றையே வாசித்தார். பழைய குழுக்கள் பழைய பாடலை விற்றுப் பிழைக்கும் காலத்தில் அது நட்டம் தரும் பிடிவாதம். 1975இல் மாணவர்கள் கேட்டதைக் கொடுக்க மறுத்த அதே பிடிவாதம் அது.

2020 நவம்பரில் 'ஷடோ ஒஃப் ஃபியர்' வெளிவந்தது. அப்பெயரில் இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் நெடுந்தட்டு. 2021இல் மேலும் இரண்டு வந்தன. பாட்டோ, துண்டு துண்டான உருப்படிகளோ அவற்றில் இல்லை. ஒவ்வொன்றும் தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாது செல்லும் ஒரே முழக்கம். அவ்வாண்டு செப்ரெம்பர் 21ஆந் திகதி, தமது அறுபத்தைந்தாவது வயதில், றிச்சர்ட் கேர்க் காலமானார்.