ஒரு ராத்தல் கூலி

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறித் தரமணிப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு, ஜன்னலுக்குக் கீழே கறுப்பாக ஓடும் பக்கிங்ஹாம் கால்வாய் வெறும் சாக்கடை. ரயிலின் தூண்களே பல இடங்களில் அதற்குள்தான் நிற்கின்றன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்த 8 கிலோமீட்டர், 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசியோடு வந்தவர்கள். கால்வாய்க்குக் கிடைத்ததோ கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்.

1876இல் இரண்டு பருவமழையும் பொய்த்தது. பாட்டிமார் சொல்லும் தாது வருஷப் பஞ்சம் அதுதான். ஆனால் வானத்தை மட்டும் குற்றம் சொன்னால் கதை பாதியில் நின்றுவிடும். மதராஸ் துறைமுகத்துக்குக் கப்பலில் தானியம் வந்துகொண்டுதான் இருந்தது. கடற்கரையில் மூட்டைகள் குவிந்து கிடந்தன. இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குப் போவதும் நிற்கவில்லை. நிலமில்லாத கூலிக்காரருக்கு வயலில் வேலை போனது, கூடவே கூலியும் போச்சு. விலை மட்டும் ஏறியது. கடையில் தானியம் இருந்து என்ன பண்ண?

மதராஸ் அரசு ரகசியமாகத் தானியம் வாங்கியதை வைஸ்ராய் லிட்டன் ரசிக்கவில்லை. சந்தையில் கைவைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். இதே டெம்பிள்தான் 1873-74 பிகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கிப் பெருஞ்சாவைத் தடுத்தவர். அதற்காக ஊதாரி என்று திட்டும் வாங்கியவர். இந்தத் தடவை சிக்கனமானவர் என்று பெயர் வாங்க வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஒரு அணா. அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ராத்தல் என்பது சுமார் 450 கிராம். அரிசியென்றால் ஏறக்குறைய 1,600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டும் உடம்புக்கு அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். மதராஸின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைத்தான் சொல்லிச் சண்டை போட்டார். சில மாதங்களில் மதராஸ் அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் முகாம்களில் சாவு பெருகியிருந்தது. பஞ்சம் முடிந்தபோது தென்னிந்தியாவில் இறந்தவர்கள் குறைந்தது 50 லட்சம் என்பது மதிப்பீடு.

1880இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது, பிறகு பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. இடரின்போது வேலையும் கூலியும் தருவது அரசின் கடமை என்று எழுத்தில் ஏறியது.

இன்றும் புயலோ வறட்சியோ வந்தால் முதல் செய்தி எத்தனை ஏக்கர் பயிர் அழிந்தது என்பதுதான். அந்த ஏக்கர்களில் நாற்று நட்டவர்களுக்கு எத்தனை நாள் கூலி போச்சு என்றும் கேட்கணும். தாது வருஷத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தார்கள்.