ஹார்லெம் குன்றேறிய கதை

நியூயார்க் சிட்டி கல்லூரியின் பழைய கட்டடங்கள் கரிய பாறையால் ஆனவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்ஹாட்டனில் சுரங்க ரயிலுக்குப் பாதை தோண்டியபோது வெளியே வந்த பாறை அது. அதைக் கொண்டுபோய்க் குன்றின் மேல் கோபுரங்களாக எழுப்பினார்கள். குன்றுக்குக் கீழே ஹார்லெம், கறுப்பின மக்களின் தலைநகரம் என்று பெயர் பெற்ற பகுதி. அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் குன்றின் மேல் கல்லூரி நிற்கும். ஆனால் 1960களின் நடுப்பகுதி வரை ஹார்லெமிலிருந்து மேலே ஏறிப்போய்ப் படித்தவர்கள் மிகச் சிலர்.

இத்தனைக்கும் அது பணக்காரர்களின் கல்லூரி இல்லை. 1847இல் தொடங்கிய நாளிலிருந்து கல்விக் கட்டணமே கிடையாது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள், தையல் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் என்று எத்தனையோ பேர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாக அங்கே உருவானார்கள். நோபல் பரிசு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. கதவு திறந்தேதான் இருந்தது. மதிப்பெண் என்ற வாசற்படி மட்டும் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே போனது. ஹார்லெம் பிள்ளைகள் பலரைப் பள்ளியிலேயே கல்லூரிக்கு வழியில்லாத பிரிவுகளில் உட்கார வைத்திருந்தார்கள். படியை எட்ட அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவே இல்லை.

1965இல் சிட்டி கல்லூரி ஒரு சிறிய பரிசோதனையில் இறங்கியது. வழக்கமான மதிப்பெண் இல்லாத நூற்றுச்சொச்சம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, பட்டப்படிப்புக்கு முன் ஒரு தயாரிப்பு வகுப்பு. முன்னின்றவர்களில் ஒருவர் உளவியல் பேராசிரியர் லெஸ்லி பெர்கர், இன்னொருவர் அரசியல் பேராசிரியர் ஆலன் பாலர்ட். பாலர்டின் கதை இங்கே முக்கியம். 1948இல் ஒஹையோ மாநிலத்துக் கென்யன் கல்லூரியில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட இரண்டு கறுப்பின மாணவர்களில் அவர் ஒருவர். புதிய இடத்தில் முதல் ஆளாக நிற்பது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறு ஆண்டே இது சட்டமானது. நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் பெர்சி சட்டன், ஷெர்லி சிஷம் முதலிய கறுப்பின உறுப்பினர்கள் விடாமல் நின்று, 1966இல் சிட்டி கல்லூரியும் அடங்கிய நகரப் பல்கலைக்கழகம் முழுவதற்குமான திட்டமாக இதற்கு நிதி பெற்றுத்தந்தார்கள். பெயர் ‘சீக்’. தேடு என்று பொருள். இரண்டே ஆண்டுகளில், அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் என்று சிஷம் வரலாற்றில் ஏறினார். நான் அவரை முதலில் நினைப்பது இந்தச் சட்டத்துக்காகத்தான்.

சீக் கொடுத்தது என்ன? புத்தகத்துக்குப் பணம். கைச்செலவுக்கு உதவித்தொகை, வேலைக்குப் போய் வீட்டுக்குக் காசு தரவேண்டிய பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது. அடிப்படைப் பாடங்களுக்குச் சிறு வகுப்புகள். எல்லாவற்றையும்விட, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசகர். பட்டதாரி இருக்கும் வீட்டில் இந்த ஆலோசகர் வேலையை அக்காவோ மாமாவோ சாப்பாட்டு நேரத்தில் செய்துவிடுவார்கள். எந்தப் பாடம் எடுப்பது, ஒரு தேர்வில் தவறினால் எல்லாம் முடிந்துவிட்டதா, பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டலாமா என்பதெல்லாம் இப்படித்தான் தெரியவரும். அந்த வீட்டுப் பேச்சு இல்லாதவர்களுக்கு அதைக் கல்லூரியே பேசியது.

பாடம் நடத்த வந்தவர்களின் பட்டியல் இன்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. டோனி கேட் பம்பாரா, ஜூன் ஜோர்டன், ஆட்ரி லார்ட், ஏட்ரியன் ரிச். பிற்காலத்தில் அமெரிக்க இலக்கியத்தையே திசைதிருப்பியவர்கள், அப்போது ஹார்லெம் மாணவர்களுக்கு வாக்கியம் எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் அதிகம் பேசப்படாத ஒருவர் மினா ஷாக்னெசி. தெற்கு டகோட்டாவின் தங்கச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். 1967இல் சீக்கில் சேர்ந்தார்.

1969 ஏப்ரலில் கறுப்பின, போர்ட்டோரிக்க மாணவர்கள் கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி இரண்டு வாரம் பூட்டி வைத்தார்கள். சீக் ஆசிரியர்களை நியமிப்பதில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்பது அவர்களின் ஐந்து கோரிக்கைகளில் ஒன்று. விளைவு பெரிது. 1970 முதல் நியூயார்க் நகரில் பள்ளி முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு சுமார் 35,000 பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள்.

அவர்களில் சிட்டி கல்லூரிக்கு வந்தவர்கள் எழுதிய முதல் கட்டுரைகள் ஷாக்னெசியின் மேசைக்கு வந்தன. வரிக்கு வரி பிழை. எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் திகைத்ததை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். பலர் இந்த இடத்தில்தான் தாளை மூடிவைத்து, இவர்களுக்குக் கல்லூரி சரிப்படாது என்றார்கள். அவர் மறுபடி படித்தார். பிழைகளை எண்ணுவதை விட்டு, இந்தப் பிழை ஏன் இப்படி வந்தது என்று கேட்கத் தொடங்கினார். 1970க்கும் 1974க்கும் இடையே எழுதப்பட்ட சுமார் 4,000 கட்டுரைகளை அப்படிப் படித்தார்.

அவர் கண்டது, பிழைக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை. தமிழர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாம் பத்து ரூபாய் என்கிறோம், பத்து ரூபாய்கள் என்பதில்லை. பத்து என்றாலே பன்மைதானே, பின் எதற்கு இன்னொரு விகுதி? ஹார்லெம் தெருவின் ஆங்கிலமும் எண்ணுக்குப் பின்னால் பன்மை விகுதியை விட்டுவிடும். இது சோம்பலும் இல்லை, மூளைக் குறைவும் இல்லை, வேறொரு இலக்கணம். இன்னொன்றும் அவர் கவனித்தார். பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்திலேயே மாணவர்களின் வாக்கியங்கள் முறுக்கிக்கொண்டன. வாழ்க்கையில் அதிகம் எழுதியிராதவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது பயிற்சியும், பொறுமையாகப் படிக்க ஓர் ஆளும்.

நானும் பல ஆண்டு விடைத்தாள் திருத்தியவன். ஒரு பையனின் தாள் முழுக்கச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தேன். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவில்லை. ஷாக்னெசியைப் படித்தது அதற்கு வெகுகாலம் கழித்து.

1977இல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. மாணவரைத் திருத்துவதற்கு முன் ஆசிரியர்தான் மாறியாக வேண்டும் என்பது அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது. ஆனால் அதற்குள் நகரம் கடனில் மூழ்கியிருந்தது. 1976இல், 129 ஆண்டு கழித்து, இலவசக் கல்வி முடிவுக்கு வந்தது. ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். 1978இல் புற்றுநோயால் ஷாக்னெசியும் போய்ச்சேர்ந்தார். வயது 54.

சீக் சாகவில்லை, இன்றும் நடக்கிறது. அதே பல்கலைக்கழகம் 2007இல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ‘அசாப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. கட்டணத்தில் உதவித்தொகை போக மீதமுள்ள பாக்கியை அது ஏற்றது. பாடப்புத்தகம் கொடுத்தது. குறைந்த எண்ணிக்கையில் மாணவர்களைக் கவனிக்கும் ஆலோசகரை வைத்தது. குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம். வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம்.

அந்தத் திட்டத்தில் மாதாமாதம் ஒரு ரயில், பேருந்துப் பயண அட்டையும் உண்டு. சும்மா தபாலில் அனுப்பிவிட மாட்டார்கள். திட்டத்தில் தவறாமல் பங்கெடுப்பவர்களுக்குத்தான். ஆகவே அட்டை வேண்டுமென்றால் ஆலோசகரைப் பார்த்தாக வேண்டும். போன மாதம் ஏன் இரண்டு வகுப்புக்கு வரவில்லை என்று கேட்க அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பார்.