கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதிகள் (1937–1950)

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி 1937 அக்டோபர் 1 அன்று தில்லியில் தொடங்கிய நீதிமன்றம். முதல் தலைமை நீதிபதி மாரிஸ் குவையர். உடன் அமர்ந்தவர்கள் ஷா முகமது சுலைமான், எம். ஆர். ஜெயகர்.

தமிழகத்திலிருந்து முதலில் சென்றவர் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி சீனிவாச வரதாச்சாரியார் (1939–1946). குவையர் ஓய்வுபெற்றதும் 1943இல் சில வாரங்கள் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். போர்க்காலச் சிறப்புக் குற்றவியல் நீதிமன்றங்கள் செல்லாது என்ற துணிச்சலான தீர்ப்பு அப்போது வந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் பின்னர் அதை மாற்றிவிட்டது.

அன்றைய சேலம் மாவட்டத்துப் புதுச்சத்திரத்து விவசாயி ஒருவரின் கடன் வழக்கு போன்றது அவ்வளவு எளிதில் தில்லியை எட்டிவிட முடியவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பொருள்கொள்வதில் முக்கியமான சட்டக் கேள்வி இருப்பதாக உயர்நீதிமன்றம் சான்றளிக்க வேண்டியிருந்தது. சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராகக் கொண்டுவந்த சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் (1938) அப்படித்தான் அங்கே போனது. கடனுறுதிச் சீட்டுகள் (புரோநோட்டுகள்) மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பது எதிர்ப்பாளர் வாதம். சட்டத்தின் உள்ளியல்பைப் பார்க்க வேண்டும் என்று குவையர் 1940இல் விளக்கிய நெறி இன்றும் கையாளப்படுகிறது.

தமிழகத்திலிருந்து அடுத்துச் சென்ற எம். பதஞ்சலி சாஸ்திரி 1947இல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாக நியமனமானார். 1950 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறந்தபோது அதன் நீதிபதியாகி, 1951–1954இல் இந்தியத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றினார்.