தாங்குவதும் செலுத்துவதும்: வளைகோல் வீராங்கனை ரிது ராணி

பொதியில் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், அகத்திய முனிவரின் அருள்நோக்கில் வாழும் கல்லாற்று அன்பர்கள் எடுக்கும் விழாவின் மலருக்குப் பெண்கள் விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் பணித்தார்கள். ஏட்டையும் உரையையும் புரட்டியே பழகிய எனக்கு இது புதிய பணி. ஆயினும் தட்டலாகாத அன்பு. ஊரின் பெருமையும் விழாவின் வரலாறும் இதைப் படிப்போர் நன்கறிந்தவை. அவற்றை விடுத்துப் பொருளுக்கு வருகிறேன்.

நமக்கு வடக்கே குளத்துப்புழையில் பாலகனாய் வீற்றிருக்கும் சாஸ்தாவைத் தொழாதவர் இப்பகுதியில் இலர். தமிழகத்துச் சிற்பங்களில் அவரே ஐயனாராய் அமரும்போது கையில் செண்டு இருக்கும். நுனி வளைந்த கோல் அது. கச்சிக் காமக்கோட்டத்துச் சாத்தனின் கைச்செண்டைப் பெற்றே கரிகாற் பெருவளத்தான் இமயத்தைத் திரித்தான் என்ற பழஞ்செய்தியைச் சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் காட்டுகிறார். உக்கிர பாண்டியன் மேருவைச் செண்டால் அடித்த கதை திருவிளையாடற் புராணத்தில் தனிப் படலமாகவே உள்ளது. மன்னார்குடியில் இராசகோபாலன் கையிலும் செண்டு உண்டு. இதனால் வளைகோல் ஆட்டமாகிய ஹாக்கியைத் தமிழர்தாம் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் மலர்க் கட்டுரைகள் போதிய அளவு வந்துவிட்டன. வளைந்த கோலைத் தெய்வத்தின் கையில் கண்டு வணங்கிய மரபு, அதே வடிவைத் தன் மகள் கையில் காணத் தயங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

பெண்கள் ஆடியதற்கும் சான்று வேண்டுவோர் பெரும்பாணாற்றுப்படையில் மாடத்துப் பெண்களின் பந்தாட்டத்தையும், சிலம்பின் வாழ்த்துக் காதையில் கந்துகவரியையும் காண்க. எனக்குப் பிடித்தவர் நக்கண்ணையார். போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையாரும் பாடினார்; ஆனால் பனையடியில் நின்று, ஊர் இரண்டுபட்டுப் பேச, வென்றவன் அவனே என்று தன் கண்ணால் கண்டு சொன்னவர் இந்தப் பெண்பாற் புலவர். புறநானூற்றின் 85ஆம் பாட்டு அது. அவருக்கு வாய்த்தது பார்வையாளர் இடம் மட்டுமே.

நடுக்களம்

இனி ஆட்டம். களத்தின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். வட்டம் எனப்படும் அரைவட்டப் பகுதிக்குள் இருந்து அடித்தால்தான் கோல். ஆகவே முன்கள வீராங்கனை எத்துணை வல்லவராயினும், பந்தை வட்டத்துக்குக் கொண்டுசேர்ப்பவர் இல்லையேல் அவர் வெறுங்கோலோடு நிற்க வேண்டியதுதான். எதிரணி பாயும்போது முதல் மோதலைத் தாங்குபவரும், பந்து கைமாறிய கணமே அதைத் திருப்பி முன்னே செலுத்துபவரும் நடுக்களத்தார். 1990களில் ஆஃப்சைடு விதி நீக்கப்பட்ட பின் ஆட்டம் களம் முழுதும் விரிந்து, இவர்களின் ஓட்டம் இன்னும் கூடியது. வள்ளுவப் பெருந்தகை படைமாட்சியின் ஏழாம் குறளில், பகைவரின் முன்னணியைத் தாங்கும் வகை அறிந்து, தாங்கியபடியே முன்னேறுவதுதான் தானை என்கிறார். வளைகோல் ஆட்டப் பயிற்றுநர்கள் இக்குறளை அறிந்திருந்தால் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கும் வேலை பாதி குறைந்திருக்கும்.

குருக்ஷேத்திரத்து மகள்

இக்குறளுக்கு இலக்கியமாக நான் காண்பது இந்திய நடுக்கள வீராங்கனை ரிது ராணியை. 1991 டிசம்பர் 29 அன்று அரியானாவின் ஷாஹாபாத் மார்க்கண்டாவில் பிறந்தவர். அவ்வூர் குருக்ஷேத்திர மாவட்டத்தில் உள்ளது. மார்க்கண்டேயர் பெயர் தாங்கிய ஆற்றின் கரை. திருக்கடையூரை வழிபடும் நமக்கு அம்முனிவர் அயலார் அல்லர். துரோணாச்சாரியர் விருது பெற்ற பயிற்றுநர் பல்தேவ் சிங்கின் கடுமையான பட்டறையில் அவர் உருவானார். பின்னாளில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற ராணி ராம்பாலும் அதே பட்டறைப் பெண்ணே.

2006இல், 14 வயதில், மாட்ரிட் உலகக் கோப்பையில் ஆடினார். அவ்வாண்டே தோகா ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் பெற்றது. 2011இல் தலைமை அவரிடம் வந்தது. 2013இல் ஆசியக் கோப்பையிலும், 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டிலும் வெண்கலம். 2015இல் ஆண்ட்வெர்ப்பில் நடந்த ஒலிம்பிக் தகுதித் தொடரில் ஜப்பானை 1-0 என வென்று ஐந்தாம் இடம். அதன் பயனாக ஒலிம்பிக் வாயில் திறந்தது. பெண்கள் ஹாக்கி முதன்முதல் சேர்க்கப்பட்ட 1980 மாஸ்கோவில் நான்காம் இடம் பெற்ற இந்தியா, 36 ஆண்டுகளுக்குப் பின் ரியோவுக்குத் தகுதி பெற்றது.

2016 ஜூலையில் ரியோ அணி அறிவிக்கப்பட்டபோது அதில் ரிது ராணி பெயர் இல்லை. மணிப்பூரின் சுசீலா சானு, அவரும் நடுக்களத்தவரே, தலைவரானார். ரியோவில் இந்தியா பன்னிரண்டாவதாக, கடைசியாக முடிந்தது. செப்டம்பரில் ரிது ராணி தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது வயது 24.

பிறந்த மண் குருக்ஷேத்திரமாயிற்றே, செயல் உன்னுடையது, பலன் உன்னுடையதன்று என்று கண்ணபிரான் அங்கேதானே அருளினான் எனச் சிலர் ஆறுதல் சொல்லக்கூடும். கீதையை நாள்தோறும் ஓதுபவன் என்ற உரிமையில் மறுக்கிறேன். பலனில் பற்றை விடுவது செய்பவரின் தவம். பலன் பிறரால் மறுக்கப்படுவது வேறு. இழந்தவருக்குக் கர்ம யோகத்தை உபதேசமாக்குவது பகவானின் கருத்தாகாது. ஆயினும் ரிது ராணி திறந்த வாயில் அடுத்த ஒலிம்பிக்கிலும் மூடவில்லை. 2021இல் டோக்கியோவில் ராணி ராம்பால் தலைமையில் இந்தியப் பெண்கள், வெண்கலப் போட்டியில் பிரிட்டனிடம் 4-3 எனத் தோற்றாலும், மீண்டும் நான்காம் இடம் பெற்றார்கள். அந்த நான்காம் இடத்தில் ரிது ராணிக்கும் பங்கு உண்டென்பேன்.

நம் கடமை

நம் கேரள மாநிலம் இந்தியாவுக்குத் தந்த ஹாக்கிப் பெயர்களை எண்ணினால் கண்ணூரின் மானுவல் பிரெடரிக், வயநாட்டின் ஹெலன் மேரி, கிழக்கம்பலத்தின் ஸ்ரீஜேஷ் என்று கோல்காப்போரே முன்வந்து நிற்கிறார்கள். காக்கத் தெரிந்த மண்ணில் நடுக்களம் ஆளும் பெண்கள் எழ வேண்டும். ஸ்ரீஜேஷை வளர்த்த ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி நம் நெடுமங்காடு வட்டத்திலேயே, அருவிக்கரைக்கு அருகே மைலத்தில் இருக்கிறது. கொல்லத்தில் செயற்கைப் புல்தளம் உண்டு. பெற்றோரே, பெண்மக்களை அனுப்புங்கள். பொன்முடிச் சாலையில் ஏறி இறங்கிப் பழகிய கால்களுக்கு ஓட்டம் புதிதன்று. மலர்க்குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். விளம்பர வருவாயில் மிஞ்சுவதைக் கொண்டு நம் பள்ளிச் சிறுமியருக்கு வளைகோல்கள் வாங்கித் தர வேண்டும். தலைவர் இசைவார் என்று நம்பி, முதல் கோலுக்கான தொகையை இக்கட்டுரையோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.