வெள்ளைப் பட்டையில் நம் கால்



1982 ஜனவரி. நான் வேலையில் சேர்ந்த புதிது, அறந்தாங்கிப் பக்கம். உலக வரைபடத்தின் அடியில் இருந்த வெள்ளைப் பட்டையைக் காட்டி, "நம்ம ஆளுங்க அங்க போயிருக்காங்களா சார்?" என்று கேட்டான் ஒரு பையன். "அதெல்லாம் வெள்ளைக்காரன் போற இடம்டா, உக்காரு" என்றேன்.

அதே மாதம் 9-ஆம் தேதி நம்மவர்கள் அண்டார்டிகாவில் இறங்கினார்கள்! கடல் விஞ்ஞானி காசிம் தலைமையில் 21 பேர். 1981 டிசம்பர் 6 அன்று கோவாவில் இருந்து சத்தமில்லாமல் கிளம்பியிருக்கிறார்கள். பனிக்கடலில் போகும் கப்பல் நம்மிடம் ஏது? 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே கப்பலை வாடகைக்குப் பிடித்தார்கள். பிப்ரவரி 21-இல் கோவா திரும்பினார்கள். (பெண் பிள்ளைகள் கவனிக்க: 1983-இல் கிளம்பிய மூன்றாவது குழுவில் அதிதி பந்த், சுதீப்தா சென்குப்தா என்று இரண்டு பெண்களும் போனார்கள்.)

ரேடியோவில் செய்தி கேட்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாள் வரைபடத்தில் கோவாவிலிருந்து கீழே வரை சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். நான் சொன்னது தப்பு என்றும் சொன்னேன். கேள்வி கேட்டவன் இல்லை. கதிர் அறுக்கப் போனவன் பள்ளிக்கூடத்துக்கே திரும்பவில்லை.

அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது அவனைப் பார்த்தால் இதைக் காட்டுங்கள்.