‘எம்மா’வின் பற்றுவரவு

ஜேன் ஒஸ்டினின் ‘எம்மா’வை வாசித்தவர்களில் பலர் “இதில ஒண்டுமே நடக்கல்லியே” என்பார்கள். உண்மைதான். லண்டனிலிருந்து 16 மைல் தூரத்தில் ஹைபரி என்றொரு கற்பனைச் சிற்றூர். காற்றுப் பட்டாலே தடிமன் வந்துவிடும் என்று பயந்து நடுங்கும் ஒரு வயோதிபத் தகப்பன். ஊராருக்குக் கலியாணம் பேசித் திரியும் அவருடைய மகள் எம்மா. வாய் ஓயாமல் கதைக்கும், கலியாணமாகாத மிஸ் பேட்ஸ். படுக்கப் போகுமுன் பத்துப் பக்கம் வாசித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்புத்தகம் அச்சேறிய விதம் தெரிந்தால் அந்த நிம்மதி கொஞ்சம் குறையும்.

‘எம்மா’ ஆசிரியர் தன் சொந்தப் பொறுப்பில் போட்ட புத்தகம். பதிப்பாளர் ஜோன் மறே மூன்று நாவல்களின் உரிமைக்கும் சேர்த்து 450 பவுண் தருவதாகச் சொன்னார். ஒஸ்டின் மறுத்துவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. 1811 இல் சொந்தச் செலவில் வெளியிட்ட ‘சென்ஸ் அன்ட் சென்சிபிலிட்டி’ அவருக்கு 140 பவுண் லாபம் தந்தது. அடுத்த நாவலான ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ஐ 110 பவுணுக்கு ஒரேயடியாக விற்றார், மறுபதிப்புகளின் லாபம் முழுக்க வாங்கியவருக்கே போனது. அதனால் ‘எம்மா’வின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அச்சுச் செலவும் நட்டமும் அவருடையது, மறேக்கு நூற்றுக்குப் பத்துத் தரகு.

1815 டிசம்பரில், ஆசிரியருக்கு நாற்பது வயது நிறைந்த ஒரு வாரத்தில், 2,000 பிரதிகள் வெளிவந்தன. மூன்று பாகங்கள், விலை 21 ஷில்லிங். இளவரசர் ரீஜன்டுக்குச் சமர்ப்பணம். அவரை ஒஸ்டினுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் அரண்மனை நூலகர் சமர்ப்பிக்கலாம் என்று “அனுமதி” தந்த பிறகு மறுக்கவா முடியும்? புரவலருக்கு முதற்பிரதி கொடுக்கும் எங்கட வெளியீட்டு விழாக்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1816 ஒக்டோபர் வரையில் 1,248 பிரதிகள் விற்று, 221 பவுண் லாபம் நின்றது. ஆனால் அவருடைய பொறுப்பிலேயே அச்சான ‘மான்ஸ்பீல்ட் பார்க்’ இரண்டாம் பதிப்பில் 182 பவுண் நட்டம். மறே இரண்டையும் ஒரே கணக்கில் கழித்தார். கடைசியில் ஒஸ்டினின் கைக்கு வந்தது 38 பவுண் 18 ஷில்லிங்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பொக்ஸ் ஹில் உல்லாசப் பயணக் கட்டத்தை வாசிக்க வேண்டும். 30,000 பவுண் சொத்துக்காரியான எம்மா, எல்லோர் முன்னாலும் மிஸ் பேட்ஸைப் பகிடி பண்ணுகிறாள். நைட்லி அவளைக் கண்டிப்பது சும்மா மரியாதைக் குறைவுக்காக அல்ல. மிஸ் பேட்ஸ் வசதியாக இருந்து நொடித்தவள், வயது போகப்போக இன்னும் நொடிவாள் என்பதற்காக. எழுதியவரும் கலியாணமாகாதவர், சகோதரர் எட்வர்ட் கொடுத்த சோட்டன் வீட்டில் தாயோடும் தமக்கையோடும் இருந்தவர். என்னைக் கேட்டால், அந்த ஊரில் ஒஸ்டின் மிக நன்றாக அறிந்திருந்தது எம்மாவை அல்ல, மிஸ் பேட்ஸைத்தான்.

அந்தக் காசு 1817 பெப்ரவரியில் வந்தது. ஜூலையில் அவர் காலமானார். ‘எம்மா’வில் விற்காமல் கிடந்த 539 பிரதிகள் பின்னர் இரண்டு ஷில்லிங்படி தள்ளிவிடப்பட்டன.